கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லலாமா?

பிரிவு: பள்ளியும் பிள்ளைகளும் | தருமபுரி – கிருஷ்ணகிரி வட்டாரம்

நெல்லிக்கனி | திங்கள், இரவு 9.15

வணக்கம். அரூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை 'நீதிபோதனை'. அது எப்படி நடக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். பாடம் முடியவில்லை என்று கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். இல்லாவிட்டால் திருத்திய நோட்டுகளை அடுக்கிக் கொடுப்பதில் கரைந்துவிடும். இந்த ஆண்டு அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறேன். பிடிவாதத்துக்குச் சோதனை போன வாரம் வந்தது.

தை மாதம் பிள்ளைகளை அதியமான் கோட்டத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் அழைத்துப்போக ஏற்பாடு. தலைக்கு 150 ரூபாய், மொத்தம் 31 பேர். பணம் வாங்க வாங்க நோட்டில் பெயருக்கு நேராக டிக் போட்டு, ஒரு பழைய ஜியோமெட்ரி பாக்ஸில் சேர்த்து மேசை இழுப்பறையில் வைத்துவந்தேன். இழுப்பறைக்குப் பூட்டு கிடையாது. வியாழக்கிழமை எண்ணிப் பார்த்தால் 4,650 இருக்க வேண்டிய இடத்தில் 4,200தான் இருக்கிறது. மூன்று முறை எண்ணினேன்.

மறுநாள் நீதிபோதனை வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், கற்பூரம் ஏற்றி எல்லாரையும் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லுங்கள். எடுத்தவர் கை பொசுங்கும்" என்றாள். வகுப்பே ஆமோதித்தது. எட்டிப் பார்த்த பக்கத்து வகுப்பு ஆசிரியரும் "நல்ல யோசனைதானே, ஊரில் நடக்காததா" என்றார். கடைக்கு ஓட ஒருவன் செருப்பை மாட்டியே விட்டான்.

அப்போது மூன்றாவது பெஞ்சில் உட்காரும் ஒரு பையன், முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, அதிகம் வாய் திறக்காதவன், மெதுவாகக் கேட்டான்: "நான் அணைக்கவில்லை என்றால் நான்தான் எடுத்தேன் என்று சொல்வார்களா, டீச்சர்?"

எனக்குப் பதில் வரவில்லை. "யாரும் எதையும் அணைக்க வேண்டாம், உட்காருங்கள்" என்று மட்டும் சொன்னேன். மணி அடித்துவிட்டது.

நான் செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறவள். தீர்த்தமலைக்கு நடந்தே ஏறுகிறவள். சாமி வேண்டாம் என்று சொல்லுகிற ஆள் இல்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு நேர்மையைச் சொல்லிக்கொடுக்கச் சாமியை வகுப்பறைக்குள் கூப்பிடலாமா, கூப்பிடாமல் முடியுமா என்ற கேள்வி நான்கு நாளாகத் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோட்டுத் தக்காளி | திங்கள், இரவு 9.32

கற்பூரம் அணைத்தவர்களெல்லாம் யோக்கியர்கள் என்றால் எங்கள் ஏரி மண் எங்கே போயிற்று டீச்சர்? ஊரே கூடிச் சத்தியம் செய்தது. ஒருவர் கையும் பொசுங்கவில்லை. டிராக்டர்தான் இரண்டு புதிதாக வந்தது.

இன்னொன்று. நான் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். 450 என்பது சரியாக மூன்று பிள்ளைகளின் பணம். கள்ளன் தலைக்கணக்குப் பார்த்தா எடுப்பான்? முதலில் நோட்டைப் பாருங்கள்.

பென்னாகரத்துப் பெரியவர் | திங்கள், இரவு 10.20

அம்மா, முப்பத்து நான்கு ஆண்டு ஆசிரியராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். கற்பூரத்தை நீங்கள் தடுத்தது சரி. ஆனால் அந்தப் பெண் ஏன் அதைச் சொன்னாள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். யாரும் பார்க்காத இடத்திலும் தன்னைப் பார்க்கிற ஒன்று உண்டு என்று அவள் நம்புகிறாள். அது சின்னச் சொத்து இல்லை. அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நீங்கள் எதை வைப்பீர்கள்? கண்காணிப்புக் கேமராவையா?

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பதினெட்டு நாள். பகலில் பாரதம் படிப்பவர் கதை சொல்வார். இரவு விடிய விடியக் கூத்து. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. துகில் உரிகிற இரவில் துச்சாதனன் வேடம் கட்டியவர், முகமெல்லாம் சிவப்பும் கறுப்புமாக, புடவையைத் தொடுவதற்கு முன்னால் சட்டென்று ஆட்டத்தை நிறுத்தினார். பின்பாட்டு நின்றது. கற்பூரம் ஏற்றச் சொல்லி, திரௌபதி வேடம் கட்டியவரைக் கும்பிட்டு, "தாயே, வேடத்துக்காகச் செய்கிறேன், பொறுத்துக்கொள்" என்று சொன்ன பிறகுதான் முந்தானையில் கை வைத்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவர் கை நடுங்கியது எனக்கு இன்றும் தெரிகிறது. தப்பைச் செய்வதுபோல் நடிப்பதற்கே இவ்வளவு பயம் வேண்டும் என்று எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை.

பின்னாளில் என் வகுப்பில் ஒருவன் முன் பெஞ்சுப் பெண்ணின் சடையை இழுத்துக்கொண்டே இருப்பான். பிரம்பை எடுக்கவில்லை. ஒரு நாள் "துச்சாதனா, நோட்டை எடு" என்றேன். வகுப்பு சிரித்தது. அதன்பிறகு அவன் கை நீளவில்லை. அவனும் அந்தக் கூத்தைப் பார்த்தவன்.

மதம் என்றால் பூசையும் கற்பூரமும் மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கதை கேட்ட ஊரில் பிள்ளைக்கு ஒரு சொல் போதும். கதை கேட்காத ஊரில் பத்துப் பக்கம் அறிவுரை எழுத வேண்டியிருக்கிறது.

கருப்புச்சட்டை | திங்கள், இரவு 11.05

பெரியவர் ஐயா, கதை அருமை. அந்தக் கூத்தைக் காலனிப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நானும் பார்த்திருக்கிறேன், காவேரிப்பட்டினம் பக்கத்தில். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று.

2012 நவம்பரில் தருமபுரி மாவட்டத்து நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் தலித் மக்களின் வீடுகள் வரிசையாக எரிந்தன. எரித்தவர்கள் சாமி இல்லை என்று சொல்லுகிறவர்கள் அல்லர். ஆடிக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள்தான். 'பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்று' அன்றைக்கு எங்கே போயிருந்தது?

நான் பி.எட். படித்தபோது ஓர் ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் 1920களில் ஏறக்குறைய 11,000 பிள்ளைகளை வைத்துச் செய்தது. 1928 முதல் 1930 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. பிள்ளைகளுக்குக் காப்பி அடிக்கவும் பொய் சொல்லவும் சில்லறை எடுக்கவும் வாய்ப்பு உண்டாக்கி, பார்க்காததுபோல் பார்த்தார்கள். தெரிந்தது என்ன? நேர்மையான பிள்ளை, நேர்மையற்ற பிள்ளை என்று இரண்டு சாதி கிடையாது. ஓரிடத்தில் கை நீட்டாதவன் இன்னோரிடத்தில் நீட்டினான். பிடிபடும் வாய்ப்பு, பக்கத்துப் பிள்ளைகள் செய்வது, ஆசிரியரின் போக்கு இவையெல்லாம்தான் கையை ஆட்டிவைத்தன. ஞாயிறு வேதபாட வகுப்புக்குப் போவதும் நல்லது கெட்டது மனப்பாடமாகத் தெரிவதும் சொல்லும்படியான வித்தியாசத்தைக் காட்டவில்லை.

ஆகவே டீச்சர், சாமியும் வேண்டாம், போதனையும் வேண்டாம். இழுப்பறைக்கு ஒரு பூட்டு வாங்குங்கள்.

நீங்கள் பிள்ளைகளை அழைத்துப்போவதோ அதியமான் கோட்டத்துக்கு. சாகா வரம் தரும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தானே, எந்தச் சாமிக்குப் பயந்து கொடுத்தான்? எந்தக் கோயிலில் அதைப் படித்தான்? அதியமான் ஆண்ட தகடூரின், அதாவது நம் தருமபுரியின், அறம் மதம் இல்லாமலேயே நின்றது. அதைச் சொல்லிக்கொடுங்கள், போதும்.

வழக்குமன்றம் | செவ்வாய், காலை 7.10

கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். சட்டத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு: முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் மற்றப் பள்ளிகளில் மதபோதனையோ வழிபாடோ நடந்தால், பிள்ளையின் பெற்றோர் இசைவு இல்லாமல் அதில் பங்கேற்கச் சொல்லக் கூடாது. ஆனால் மதங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது வேறு. அருணா ராய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத்தான் காட்டியது. மதங்கள் சொல்லும் விழுமியங்களைப் பாடமாக வைக்கலாம், ஒரு மதத்தைக் கடைப்பிடிக்கச் சொல்லி நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். ஆகையால் பாரதக் கதை சொல்லலாம். கற்பூரம் ஏற்றக் கூடாது. அதைத் தவிர, குழந்தைகளின் கல்வி உரிமைச் சட்டம், 2009, 17ஆம் பிரிவு மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. 31 பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கள்ளன் யார் என்று தேடுவது எதில் சேரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் வகுப்புப் பையனின் கேள்விக்கு நீதிமன்றத்திலேயே பதில் இருக்கிறது. சினிமாவில்தான் கீதை மேல் கை வைப்பார்கள். சத்தியப்பிரமாணச் சட்டம், 1969இன்படி சாட்சி கடவுள் பெயரால் ஆணையிடலாம். விரும்பாவிட்டால் உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் ஒரே எடை. கடவுள் பெயரைச் சொல்லவில்லை என்பதற்காக யாரும் பொய்ச்சாட்சி ஆகிவிடுவதில்லை.

அதே சட்டத்தில் எனக்குப் பிடித்த ஓரிடம் உண்டு. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சத்தியம் என்றால் என்னவென்று தெரியாவிட்டாலும், உண்மையைப் பேச வேண்டிய கடமை தெரிகிறது என்று நீதிபதிக்குத் தோன்றினால், சத்தியம் வாங்காமலேயே சாட்சியம் கேட்கலாம். சத்தியமும் உண்மையும் ஒன்றல்ல என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று ஆகியிருக்கும். இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

எலத்தகிரிப் பெண் | செவ்வாய், மதியம் 1.40

கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தவள் நான். நீதிபோதனை வேளை வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு ஓர் அறைக்குப் போவோம், மற்றவர்கள் நன்னெறிக்கு இன்னோர் அறைக்கு. எங்களுக்கு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. அவர்களுக்கு அதே கதை, சமாரியனுக்குப் பதில் 'ஒரு வழிப்போக்கன்'. திரும்பி வந்து பேசிக்கொள்ளும்போதுதான் இரண்டும் ஒன்று என்று தெரியும். எதற்காக எங்களைப் பிரித்தார்கள் என்று அன்றைக்கும் புரியவில்லை.

செய்த தப்பைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது எங்களிடம் ஒரு பட்டியல் மனப்பாடமாக இருக்கும். "அம்மாவிடம் பொய் சொன்னேன், தம்பியை அடித்தேன், செபிக்க மறந்தேன்." வாராவாரம் அதே மூன்று. ஆறாம் வகுப்பில் ஒரு முறை பட்டியலுக்கு வெளியே ஒன்றைச் சொன்னேன். தோழியின் ஹீரோ பேனாவை எடுத்து வைத்திருந்தேன். தங்க மூடி போட்ட பச்சைப் பேனா. மூன்று முறை 'அருள் நிறை மரியே' செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பேனா இப்போது எங்கே இருக்கிறது?" என் பையில் இருந்தது. "அதைக் கொடுத்துவிட்டு வா. பிறகு செபிக்கலாம்."

கருப்புச்சட்டை அண்ணா சொல்லும் அமெரிக்க ஆய்வில் மனப்பாடப் பட்டியல் தோற்றிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். "பேனா எங்கே" என்று கேட்டவரை அவர்கள் அளந்தார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

தேன்கனி | செவ்வாய், இரவு 8.50

தேன்கனிக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். டீச்சர், உங்கள் கேள்வியில் அந்தப் பையனின் கேள்விதான் என்னை உட்காரவைத்தது. என் மகனும் எட்டாம் வகுப்பு.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் பிள்ளைகள் காலையில் மதரசாவில் ஓதப் போகும் வயதிலேயே கற்றுக்கொள்வது: அல்லாஹ்வைத் தவிர வேறு எதன் மீதும் சத்தியம் செய்யக் கூடாது. அம்மா தலையில் அடித்துக்கூடச் செய்யக் கூடாது. ஆகவே அன்றைக்கு உங்கள் வகுப்பில் அந்தப் பையனுக்கு இரண்டு வழிதான் இருந்தது. அணைத்தால் அவன் படித்த நெறிக்குத் துரோகம். அணைக்காவிட்டால் கள்ளன். நேர்மையாக இருப்பதற்காகவே ஒருவன் கள்ளன் பட்டம் வாங்குகிற இடத்தில் அவனை நிறுத்தப் பார்த்தார்கள். நீங்கள் "உட்காருங்கள்" என்று சொன்னது பெரிய காரியம். பதில் வரவில்லை என்று வருந்த வேண்டாம்.

அதற்காக மதம் பிள்ளைக்கு நல்லது செய்யாது என்று சொல்ல மாட்டேன். பாதையில் கிடந்து பிறருக்குத் தொல்லை தருவதை அகற்றுவதும் தர்மம் என்று நபிமொழி ஒன்று உண்டு. என் மகன் இதை ஓதி வந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் கல்லும் முள்ளும் பொறுக்கப் புறப்பட்டுவிட்டான். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் கட்டட வேலைக்குக் கொட்டிவைத்த ஜல்லியையும் ஓரம் தள்ள ஆரம்பித்தான். சண்டை வந்தது. இப்போது 'தொல்லை தருவது எது' என்று வீட்டில் தினமும் விவாதம். அந்த விவாதம்தான் அவனுக்குப் பாடம் என்று நினைக்கிறேன்.

வீட்டிலும் மதரசாவிலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் பொதுவான வாசல் ஒன்று இருக்கட்டும்.

பென்னாகரத்துப் பெரியவர் | செவ்வாய், இரவு 10.00

கயிறு இருந்தது, தம்பி கருப்புச்சட்டை. உண்மை. அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தவன். அப்போது அது கண்ணில் படவே இல்லை. அதுதான் அதைவிட வெட்கம்.

ஆனால் நெல்லிக்கனி விஷயத்தில் உங்களை விட மாட்டேன். ஔவை பாடிய அந்தப் புறநானூற்றுப் பாட்டு 91ஆவது. பாதி பாட்டை வைத்து வாதாடக் கூடாது. அதியமானை அவர் எப்படி வாழ்த்துகிறார்? 'நீலமணி மிடற்று ஒருவன் போல மன்னுக' என்கிறார். நீலமணி மிடற்றன் யார்? பிறை சூடிய சிவன். சாமி அங்கே இருக்கிறார்.

எங்கே இருக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 'நீ கொடுக்காவிட்டால் சிவன் தண்டிப்பான்' என்று பாட்டில் இல்லை. 'கொடுத்ததால் உனக்குக் கைலாசம் கிடைக்கும்' என்றும் இல்லை. கொடுத்தவனைப் பார்த்து வியந்து, இவனை எதற்கு ஒப்பிடுவது என்று தேடும்போது ஔவைக்குச் சிவன் நினைவு வருகிறது. அதிலும் பிறரை வாழவைக்க நஞ்சைத் தான் விழுங்கிக் கழுத்து நீலமானவன். இங்கே ஒருவன் சாவை நீக்கும் கனியைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுச் சாவைத் தனக்கு வைத்துக்கொண்டான். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! முப்பது முறையாவது இந்தப் பாட்டை நடத்தியிருப்பேன். ஓய்வு பெற்றபின் திண்ணையில் உட்கார்ந்து படித்த ஒரு மாலையில்தான் இது பிடிபட்டது.

இன்னொரு சொல்லும் உண்டு. 'ஆதல் நின்னகத்து அடக்கி.' அந்தக் கனியால் ஆகும் பயனைச் சொல்லாமல் தன் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொடுத்தான். சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருக்க மாட்டார்.

கருப்புச்சட்டை | செவ்வாய், இரவு 10.40

ஐயா, கயிற்றை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. பெரும்பாலும் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

நீலமணி மிடற்றன் எனக்குத் தெரியாது. பாடநூலில் 'நெல்லிக்கனி கொடுத்தான்' என்பதோடு நின்றிருந்தேன். வாழ்த்துவதற்கு வருகிற சாமியோடு எனக்குச் சண்டை இல்லை. மிரட்ட வருகிற சாமியோடுதான். 2024இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் பேச வந்த ஒருவர், உடற்குறையோடு பிறப்பது முற்பிறவிப் பாவம் என்கிற பொருளில் பேசியதை எல்லாரும் காணொளியில் பார்த்தோம். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அந்த அரங்கிலேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். அன்றைக்கு அந்த அரங்கில் நன்னெறி வகுப்பு நடத்தியவர் யார் என்று பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கும்.

பூட்டு வாங்கச் சொன்னதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.

மட்டுறுத்துநர் | புதன், காலை 6.30

நெற்றித் திலகம், கைக்கயிறு, பள்ளிகளில் சாதி வேற்றுமையைத் தடுப்பது பற்றி 2024இல் வந்த நீதிபதி சந்துரு குழு அறிக்கை பற்றிய ஏழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறோம். அவற்றில் மூன்று, பதிவு என்பதைவிட வசவு. இங்கே நீதிபோதனை பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

ஓசூர் ஷிப்ட் | புதன், காலை 7.15

என் மகன் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. விழுமியக் கல்விக்கு வழவழத் தாளில் தனிப் புத்தகம் உண்டு. 'நேர்மை' என்ற பாடத்தின் கேள்விகளுக்கு வழிகாட்டியைப் பார்த்து விடை எழுதிக்கொண்டிருந்தான். நான் இரவு ஷிப்ட் முடித்து வந்து பார்த்துவிட்டு அங்கேயே நின்று சிரித்தேன். அவனுக்கு எதற்குச் சிரித்தேன் என்று புரியவில்லை. பத்துக்குப் பத்து வாங்கினான்.

ஊத்தங்கரைக்காரி | புதன், இரவு 9.30

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

எனக்குப் பதினாறு வயதில் கல்யாணம் நிச்சயம் ஆனது. எங்கள் பக்கம் இது புதிது இல்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த வாரம். வீட்டில் எல்லாருமே சாமி பயம் உள்ளவர்கள். குலதெய்வத்திடம் பூ வைத்துக் கேட்டார்கள். வெள்ளைப் பூ வந்தது. அதற்குமேல் பேச்சே கிடையாது. பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் தெய்வம் என்று எனக்கு நீதிபோதனையில் சொல்லியிருந்தார்கள். நான் அதை நம்பினேன். தெய்வம் சொன்னால் கேட்க வேண்டியதுதானே?

தாலி கட்டுவது கோயிலில். முன்பதிவுக்கு அப்பா போனார். அங்கே இருந்த வயதான குருக்கள் என் வயதுச் சான்று கேட்டார். அப்பா நயமாகப் பேசினார், பணமும் நீட்டினார். "பதினெட்டு ஆகாத பெண்ணுக்கு அம்பாள் முன்னால் நான் மாலை எடுத்துக் கொடுக்க மாட்டேன், போங்கள்" என்று அவர் எழுந்து போய்விட்டாராம். அதே நாள் என் வகுப்புத் தோழி குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்துவிட்டாள். அதிகாரிகள் வந்தார்கள், கல்யாணம் நின்றது. இப்போது நான் செவிலியர்.

அந்தக் குருக்கள் சட்டத்துக்குப் பயந்தாரா அம்பாளுக்குப் பயந்தாரா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அவரிடம் கேட்கப் போனபோது அவர் இல்லை. எனக்கு வந்த வெள்ளைப் பூவும் அதே சாமிதான், அவர் சொன்ன அம்பாளும் அதே சாமிதான். நீதிபோதனையில் 'பெரியவர்கள் சொன்னால் கேள்' என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள் டீச்சர். எந்தப் பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். எனக்கு அதை ஒரு தோழி சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு அப்போது வயது பதினைந்து.

பாலக்கோட்டுத் தக்காளி | புதன், இரவு 9.55

தங்கச்சி, படித்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். நன்றாக இரு.

டீச்சர், நான் சொன்ன நோட்டு விஷயத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் எல்லாரும் படித்தவர்கள், இருக்கட்டும். அதியமானைப் பார்க்கப் போகிற பிள்ளைகள் வெறுங்கையோடு போகலாமா? எங்கள் தோட்டத்தில் நெல்லி காய்த்துக் கிடக்கிறது. அரை மூட்டை தருகிறேன்.

தேன்கனி | வியாழன், காலை 6.50

ஊத்தங்கரைத் தங்கை எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். மகளுக்கும் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

நெல்லிக்கனி | ஞாயிறு, இரவு 8.20

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் முழுவதும் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம்.

புதன் இரவு பாலக்கோட்டுக்காரர் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். 31 பெயருக்கும் டிக் இருக்கிறது. மூன்று டிக் மட்டும் பச்சை மையில். பார்த்ததும் அடிவயிறு சில்லென்றது. அந்த மூன்று பிள்ளைகளின் வீட்டில் 150 ரூபாய் புரளாது. ஒரு பெண்ணின் அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார், பாட்டியிடம் வளர்கிறாள். மற்ற இருவர் கதையும் ஏறக்குறைய அதுதான். பெயர் வாசிக்கும்போது அவர்கள் தலைகுனியக் கூடாது என்று, பணம் வந்ததுபோல் நானே டிக் போட்டிருக்கிறேன். சம்பளம் வந்ததும் என் கையிலிருந்து 450 போடுவதாக நினைத்து, போடாமல் மறந்திருக்கிறேன். கள்ளன் என்று ஒருவரும் இல்லை. 31 பிள்ளைகளை ஒரு வாரம் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்க்கவைத்தவள் நான்.

அன்றைக்குக் கற்பூரம் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யார் கையும் பொசுங்கியிருக்காது. ஆனால் அணைக்காத ஒரு பையன் இருந்திருப்பான்.

வெள்ளிக்கிழமை நீதிபோதனை வகுப்பு. சொல்லாமல் 450 ரூபாயைப் பெட்டியில் போட்டுவிட்டு "பணம் கிடைத்துவிட்டது" என்று முடித்துவிடலாம் என்று வியாழன் இரவு முழுக்க மனம் பேரம் பேசியது. யாருக்கும் தீங்கில்லாத பொய்தானே, பொய்மையும் வாய்மை இடத்த என்று வள்ளுவரையும் சாட்சிக்கு இழுத்தேன். தூக்கம் வரவில்லை. சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். கருப்புச்சட்டை சகோதரர் பொறுத்துக்கொள்ளட்டும். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் எழுந்தபோது பேரம் நின்றிருந்தது.

வகுப்பில் சொன்னேன்: "பணம் காணாமல் போகவில்லை. நான்தான் கணக்கைத் தப்பாக எழுதியிருக்கிறேன். உங்களை ஒரு வாரம் சந்தேகப்பட வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்." எங்கே தப்பாக எழுதினேன் என்று சொல்லவில்லை. சொன்னால் அந்த மூவர் பெயரும் வெளியே வரும். அதைச் சொல்லாமல் விட்டது சரிதானா என்று வழக்குமன்றம் ஐயாவோ பெரியவர் ஐயாவோ சொல்லுங்கள். எனக்குச் சரி என்றுதான் படுகிறது.

சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு முதல் பெஞ்சுப் பெண், கற்பூரம் கேட்டவளேதான், எழுந்தாள். "அப்படியென்றால் நீங்கள்தான் கற்பூரம் அணைக்க வேண்டும், டீச்சர்!"

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். மூன்றாவது பெஞ்சில் அந்தப் பையன் பெஞ்சில் தலை வைத்துச் சிரித்ததை முதல் முறையாகப் பார்த்தேன்.

கருப்புச்சட்டை சகோதரரே, பூட்டு வாங்கிவிட்டேன். 80 ரூபாய்.

பாலக்கோட்டுக்காரர் அண்ணா, வேன் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இங்கே புறப்படும். ஏழரை மணி போலத் தருமபுரி நான்கு ரோட்டில் நிறுத்தச் சொல்கிறேன். நெல்லிக்காய் மூட்டையை அங்கே கொடுத்துவிடுங்கள். உப்பும் மிளகாய்த்தூளும் பிள்ளைகளே கொண்டுவருகிறார்களாம். யார் எதைக் கொண்டுவருவது என்று இப்போதே சண்டை.